முடிந்துபோன கச்சேரிகள்

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தின் வளாகச் சுவரில் ஹீப்ரு எழுத்துகள் பொறித்த ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அது அந்த ஆலயத்துக்குச் சொந்தமான கல் அல்ல. அருகிலுள்ள கொச்சங்காடியில் 1344இல் எழுப்பப்பட்ட வேறோர் ஆலயத்திலிருந்து வந்தது. கொச்சங்காடி ஆலயம் என்றோ மறைந்துவிட்டது. அப்படி ஒன்று இருந்தது, இன்ன ஆண்டில் எழுந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறதென்றால், யாரோ ஒருவர் தேதியைக் கல்லில் வெட்டி வைத்ததுதான் காரணம்.

மட்டாஞ்சேரியின் பாட்டுக்கு அப்படியொரு கல் வாய்க்கவில்லை. வணிகத்துக்காகவும் அடைக்கலம் தேடியும் வந்த குஜராத்திகள், கச்சி மேமன்கள், கொங்கணிகள், தக்காணி பேசும் முஸ்லிம்கள், தமிழர்கள் என்று பலரும் குடியேறிய ஊர் இது. வந்தவர்களோடு ஹார்மோனியமும் தபலாவும் வந்தன. கல்யாண வீட்டு மாடியில் பாய் விரித்து விடிய விடியப் பாடுவது வழக்கமாயிற்று. மெஹ்ஃபில் என்று அதற்குப் பெயர். அச்சடித்த நோட்டீஸ் கிடையாது, டிக்கெட் கிடையாது. இன்ன வீட்டில் இன்று இரவு பாட்டு என்று சாயாக்கடையில் ஒருவர் சொன்னால் போதும், ஊர் திரண்டுவிடும்.

அந்த இரவுகளின் நாயகர் மெஹ்பூப். 1926இல் பிறந்து 1981இல் மறைந்தவர். ஊருக்கு அவர் 'மெஹ்பூப் பாய்'. கல்யாண வீடுகளில் பாடி வளர்ந்த அந்தக் குரல், 1951இல் வந்த 'ஜீவிதநௌகா' மூலம் மலையாளத் திரைக்கு வந்தது. 1954இன் 'நீலக்குயி'லிலும் ஒலித்தது. எந்தப் படம், எந்த ஆண்டு, இசையமைத்தவர் யார் என்பதெல்லாம் இன்றும் தெரிகிறது. திரைப்படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு, இசைத்தட்டு உண்டு, பத்திரிகை விளம்பரம் உண்டு. ஆனால் வாழ்நாளெல்லாம் அவர் பாடிய வீடுகள் எவை, எந்தெந்த இரவுகள், பக்கத்தில் தபலா வாசித்தவர் யார்? அந்த விவரங்கள் கேட்டவர்களின் நினைவில்தான் இருந்தன. கேட்டவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுக் கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த தலைமுறையில் அதே மட்டாஞ்சேரியிலிருந்து வந்தவர் உம்பாயி. பம்பாயில் உஸ்தாத் முனவர் அலி கானிடம் பயின்று, கஜலை மலையாளம் பேச வைத்தவர். அவர் காலத்தில் காஸெட்டும் சிடியும் இருந்ததால் ஆல்பங்கள் தங்கின. 2018 ஆகஸ்ட் 1 அன்று அவர் காலமானார். கஜல் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்: அது ஆல்பத்தில் முடிந்துபோகிற கலை அல்ல. அதே பாட்டு ஒவ்வொரு சபையிலும் வேறு முகம் காட்டும். எனவே பாடகரின் முழுக் கணக்கு ஆல்பங்களின் பட்டியலில் மட்டும் இல்லை. அவர் உட்கார்ந்து பாடிய இரவுகளின் பட்டியலிலும் இருக்கிறது.

அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ள இன்றைய பாடகருக்கு வசதி இருக்கிறது. கையில் இணையதளம் இருக்கிறது. பெரும்பாலும் அக்காள் மகனோ மாணவனோ அமைத்துக் கொடுத்தது. அதில் 'நிகழ்ச்சிகள்' என்று ஒரு பக்கம். தேதியையும் இடத்தையும் தட்டச்சு செய்தால் மென்பொருள் வரிசைப்படுத்திக் காட்டும். சிக்கல் மறுநாள் காலையில் தொடங்குகிறது. கச்சேரித் தேதி கடந்ததும் அந்த வரி பக்கத்திலிருந்து தானாக மறைந்துவிடும். இவ்வகை மென்பொருள்களில் பல, யாரும் மாற்றாத வரை, வரப்போவதை மட்டுமே காட்டும்படி அமைக்கப்பட்டவை. டிக்கெட் விற்பவருக்கு முடிந்த கச்சேரி பயனற்றது. அவர் பார்வையில் உருவான ஏற்பாடு அது. முப்பது வருடம் பாடியவரின் பக்கத்தில்கூட ஓய்வான மாதத்தில் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள் ஏதுமில்லை' என்ற ஒற்றை வரிதான் நிற்கும். அவர் காலமான பிறகும் அந்த வரியே நிற்கும்.

பக்கத்தை நம் விருப்பப்படி மாற்றியமைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மாற்றுவது என்றால் பெரும்பாலோர் நினைப்பது எழுத்தின் நிறத்தையும் பின்னணிப் படத்தையும். முதலில் மாற்ற வேண்டியது இந்த மறைதலை. வரவிருப்பவை மேலே, முடிந்தவை கீழே ஆண்டுவாரியாக என்று இரண்டு பட்டியல்கள் போதும். நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு 1842 டிசம்பர் 7இல் நடத்திய முதல் கச்சேரியிலிருந்து தன் நிகழ்ச்சிகளை யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. சென்னையில் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் மலர்களும் நிகழ்ச்சி நிரல்களும் இல்லாவிட்டால் டிசம்பர் சீசனின் வரலாற்றை எழுத முடியாது. அவை நிறுவனங்கள், எழுதி வைக்க ஆள் உண்டு. கல்யாண வீட்டில் பாடுகிறவருக்கு அவரேதான் அகாடமி.

அடுத்தது பெயர்கள். சென்னை சபாக்களின் நிரலில் பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று போடுவது மரபு. பாடகரின் சொந்த இணையதளத்தில் அந்த மரபு காணாமல் போய்விடுகிறது. தலைப்பு, தேதி, இடம் என்று மூன்றே கட்டங்கள். பக்கவாத்தியத்துக்கு நான்காவதாக ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய வேலையல்ல. சொந்த இணையதளமே இல்லாத தபலாக்காரருக்கு, தான் வாசித்ததற்கான எழுத்துச் சான்று அந்த ஒரு கட்டம்தான்.

பிறகு தேதியும் நேரமும். கொச்சிப் பாடகருக்கு வளைகுடா இன்னொரு மட்டாஞ்சேரி. துபாயில் இரவு 8 மணி என்றால் கொச்சியில் 9.30. தோஹாவில் 8 என்றால் இங்கே 10.30. இணையதளம் எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்று எழுதாவிட்டால், வந்து சேரும் ரசிகர் கடைசிப் பாட்டைத்தான் கேட்பார். 7/8 என்று எழுதினால் நமக்கு ஆகஸ்ட் 7. அமெரிக்கர்களுக்கு ஜூலை 8. மாதத்தை எழுத்தில் போட்டால் குழப்பம் தீர்ந்தது. ஊர்ப்பெயரும் அப்படித்தான். 1996இல் கொச்சின் கொச்சியாயிற்று, மெட்ராஸ் சென்னையாயிற்று. பழைய நோட்டீஸைப் பார்த்து விவரம் சேர்ப்பவர்கள் இரண்டு பெயரையும் குறித்தால் பின்னால் தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

ரத்தான கச்சேரியை என்ன செய்வது? வரியை அழித்துவிடுவதே வழக்கம். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ நிறுவனங்கள் 2011இல் கூட்டாக அறிமுகப்படுத்திய 'ஸ்கீமா' என்ற பொதுக் குறிமுறையில், நிகழ்ச்சி ரத்து, ஒத்திவைப்பு, தேதி மாற்றம் ஆகியவற்றைக் குறிக்கத் தனித்தனிச் சொற்கள் உண்டு. தேடுபொறிகள் அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும். 2020 மார்ச்சில், ஊரடங்குகள் தொடங்கிய நேரத்தில், 'இணையத்துக்கு மாற்றப்பட்டது' என்பதும் சேர்ந்தது. அந்த ஆண்டின் கச்சேரிகளை அழிக்காமல் 'ரத்து' என்று குறித்து வைத்தவரின் பக்கத்தைப் பார்த்தால், ஒரு கலைஞர் இழந்த வருமானம் வரிவரியாகத் தெரியும். அழித்தவரின் பக்கத்தில் அவர் அந்த வருடம் சும்மா இருந்ததாகத் தோன்றும்.

இதற்கெல்லாம் பாடகர்கள் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. ரமலான் மாதத்திலும் மழைக்காலத்திலும் அழைப்பு குறையும். இடைவெளிகள் வெளியே தெரிந்தால் மார்க்கெட் போய்விட்டது என்பார்களே என்ற பயம். விளம்பரத்துக்கு நிறைந்த பட்டியல் வேண்டும். பதிவேட்டுக்கு உண்மையான பட்டியல் வேண்டும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இன்னொன்று, கல்யாண வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் ஊரறியப் போடுவது முறையல்ல. அதற்கும் வழி இருக்கிறது. வெளியே 'தனி நிகழ்ச்சி, மட்டாஞ்சேரி' என்று மட்டும் காட்டி, முழு விவரத்தைத் தனிப் பதிவாக வைத்துக்கொள்ளலாம். பழையதை முதல் பக்கத்தில் தொங்கவிட வேண்டும் என்பதில்லை, அழிக்காமலிருந்தால் போதும்.

இணையதளத்தை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. உலகமெங்கும் பாடகர்கள் தங்கள் பாட்டை ஏற்றி வைத்திருந்த மைஸ்பேஸ், 2015 வரை ஏற்றப்பட்டவற்றை இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. இணைய முகவரியைப் புதுப்பிக்கத் தவறினால் சொந்தத் தளமும் ஒருநாள் திறக்காது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை பட்டியலை அச்சிட்டு, கோப்பில் கட்டி, ஹார்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது புத்திசாலித்தனம்.

பாடி முடித்து வீடு திரும்பியதும் எழுதினால் ஐந்து நிமிட வேலை. எங்கே, எப்போது, கூட வாசித்தவர் யார், முதலில் பாடியது எது, விடியுமுன் கடைசியாகப் பாடியது எது என்ற ஐந்து விவரங்கள். மெஹ்பூபின் ஓர் இரவைப் பற்றியாவது அப்படி ஐந்து வரிகள் கிடைக்குமா என்று மட்டாஞ்சேரிச் சந்துகளில் விசாரித்துப் போகிறவருக்கு அவற்றின் விலை தெரியும்.