பாலிஷ் பேட் என்ன, துடைக்கிற துணியா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் ஆளாளுக்குப் பெரிய பெரிய தலைப்பாக எடுத்துக் கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது கார் பாலிஷ் மெஷினின் முனையில் ஒட்டியிருக்கும் பேட். சிரிக்காதீர்கள். வண்டிக்குப் பாலிஷ் போடும் இடங்களில் மெஷினுக்குக் காசு செலவழிக்கிறார்கள், காம்பவுண்டுக்குச் செலவழிக்கிறார்கள், பேட் என்றால் மட்டும் "இருக்கிறதைப் போட்டு ஓட்டுப்பா" என்கிறார்கள். இது தப்பு என்பதுதான் என் கட்சி. பெயின்டைத் தொடுவது மெஷின் அல்ல, பேட். எந்த பேட் என்று முடிவு செய்ய வேண்டியவன் ஓட்டுகிறவன். அதை வாங்கி வைக்க வேண்டியவர் அவனுக்கு மேலே இருக்கிறவர். நாளைக்கு அந்த மேலே இருக்கிற இடத்தில் உட்காரப் போவது டிப்ளமோ முடித்த நாம்தான், அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், எதன் மேல் ஓட்டுகிறோம் என்று பாருங்கள். பழைய அம்பாசிடரில் பெரும்பாலும் கலர் பெயின்டே மேல் பூச்சு. தேய்த்தால் பேடில் கலர் வரும், அது சாதாரணம். அந்த வண்டி உற்பத்தியே 2014-ல் நின்று போயிற்று. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் கலருக்கு மேல் கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு. அதன் கனம் சுமார் 40 மைக்ரான். நாம் ரெக்கார்டு எழுதும் தாள் சுமார் 100 மைக்ரான் என்றால், அதில் பாதிகூட இல்லை! வெயில், மழை, கழுவும்போது விழும் கீறல் எல்லாவற்றையும் தாங்குவது இந்தப் பூச்சுதான். பாலிஷ் என்பது கீறலை அழிப்பது அல்ல, கீறலைச் சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழம் வரைக்கும் சீவி எடுப்பது. எடுத்தது திரும்பி வராது. இந்த வண்டியில் பேடில் கலர் தெரிந்தால் கிளியர் கோட் முடிந்து போயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் பெயின்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

சரி, பேட் எத்தனை வகை? கம்பளி, மைக்ரோஃபைபர், ஃபோம் என்று மூன்று குடும்பம். கம்பளி நன்றாக வெட்டும், ஆழமான கீறலுக்கு அதுதான் வேகம். இழைகளுக்கு நடுவே காற்று போய்வருவதால் ஃபோமைவிடச் சூடும் குறைவுதான். ஆனால் வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாக நிழல் மாதிரி ஒரு தடம் விட்டுவிட்டுப் போகும், அதை ஃபோம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மைக்ரோஃபைபர் இரட்டை அசைவு மெஷினுக்கு ஏற்றது. நன்றாக வெட்டும், இளகிய பெயின்டில் மங்கல் விடும். ஃபோமில்தான் பல படிகள் உண்டு. கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று கடினத்திலிருந்து மிருதுவுக்கு இறங்கும்.

இங்கேதான் வேடிக்கை. நமக்கு உற்பத்தித் தொழில்நுட்பப் பாடத்தில் கிரைண்டிங் சக்கரத்துக்கு ஒரு குறியீடு சொல்லித் தருகிறார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஏ 46 கே 5 வி என்றால் உராய்பொருள் என்ன, துகள் அளவு என்ன, இறுக்கம் என்ன, இடைவெளி என்ன, பிணைப்பு என்ன எல்லாம் தெரிந்துவிடும். யார் செய்த சக்கரமானாலும் அதே வரிசைதான். பேடுக்கு அப்படி ஒரு பொதுக் குறியீடு கிடையாது. கலர்தான் அடையாளம், அந்தக் கலரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அமெரிக்காவின் லேக் கன்ட்ரி பேடில் மஞ்சள் என்றால் நன்றாக வெட்டுகிற கட்டிங் பேட். இத்தாலியின் ரூப்பஸ் ஃபோமில் மஞ்சள் என்றால் மென்மையான பாலிஷிங் பேட், அங்கே கரடு எது என்றால் நீலம். லேக் கன்ட்ரியின் சில வரிசைகளிலோ நீலம் ஃபினிஷிங் பக்கம்! கலரை நம்பி ஒருவன் மாற்றிப் போட்டால் அது அவன் குற்றமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம்ம ஆட்கள் இதில் இடறுவார்கள். கடினப் பொருளுக்கு மென்மையான சக்கரம் என்று படித்ததை இங்கே கொண்டு வராதீர்கள். அங்கே மென்மை என்பது பிணைப்பைப் பற்றியது, மழுங்கிய துகள் உதிர்ந்து புதுத் துகள் வெளியே வர வேண்டும் என்பதற்காக. பேடில் அந்தச் சங்கதியே இல்லை. கடினமான கிளியர் கோட்டுக்குக் கரடான பேட், இளகியதற்கு மிருதுவான பேட், அவ்வளவுதான். எது கடினம், எது இளக்கம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை டேப் ஒட்டி ஒதுக்கி, இருப்பதிலேயே மிருதுவான பேடில் லேசான பாலிஷ் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கீறல் போகவில்லையா, பேடை ஒரு படி ஏற்று. அப்போதும் போகவில்லை என்றால் பிறகு காம்பவுண்டை மாற்று. பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. எடுத்த எடுப்பிலேயே கம்பளியும் கெட்டிக் காம்பவுண்டும் போட்டு இரண்டு மணி நேரத்தில் வண்டியைத் தள்ளி விடுகிறார்கள்.

அளவையும் சும்மா விடக் கூடாது. வெட்டு வேகத்துக்கு நாம் போடும் அதே கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்தேன். 180 மி.மீ. பேட் நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு சுமார் 1018 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 61 கிலோமீட்டர்! அதே சுற்றில் 75 மி.மீ. பேடின் விளிம்பு மணிக்கு 25 கிலோமீட்டர்தான். கதவு ஓரம், கண்ணாடித் தூண், பம்பர் வளைவு இங்கெல்லாம் பெரிய பேடைக் கொண்டு போவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரிகிறது. ஓரத்தில் பெயின்ட் படிவதும் மெல்லிசு, அழுத்தம் முழுக்க ஒரு கோட்டில் விழுவதும் அங்கேதான். பம்பர் பிளாஸ்டிக், தகரம் மாதிரி சூட்டைக் கடத்தி விடாது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை, என் அண்ணன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறவர். அண்ணன் எட்டாவதோடு நின்று பட்டறைக்குப் போனதால்தான் நான் இன்று டி ஸ்கொயரைப் பிடித்துக் கொண்டு நிற்கிறேன். இருட்டில் கையால் தடவியே எந்தக் கதவு மறுபெயின்ட் என்று சொல்லிவிடுவான். அவன் வேலை பார்த்த ஓர் இடத்தில் மொத்தமே ஒரே ஒரு கம்பளி பேட். காலையிலிருந்து ராத்திரி வரை எல்லா வண்டிக்கும் அதுவே. காம்பவுண்ட் காய்ந்து காய்ந்து இழையெல்லாம் கட்டி தட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. வேறு பேட் கேட்டதற்கு, "உன் கை பழகலைன்னு சொல்லு, பேட் மேல பழி போடாத" என்றாராம் முதலாளி. அப்புறம் ஒரு கறுப்பு வண்டியின் கதவு ஓரத்தில் அடிப்பூச்சு தெரிந்துவிட்டது. மறுபெயின்ட் செலவு வாராவாரம் அண்ணன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அந்த வாரங்களில் வீட்டில் என்ன சமைத்தோம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

கைப்பக்குவம் முக்கியம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கை பழகினவனுக்குத்தான் பேட் அடைத்துவிட்டது என்று சத்தத்திலேயே தெரியும். தெரிந்து என்ன செய்வான், மாற்ற ஒன்று இருந்தால்தானே? மழுங்கிய டூலைக் கொடுத்து லேத்தில் அளவு தப்பியது என்று நமக்கு மார்க் குறைத்தால் சும்மா இருப்போமா, ஒர்க் ஷாப் சாரிடம் சண்டைக்குப் போக மாட்டோமா?

"பேட் விலைக்கு எங்கே போவது, கஸ்டமர் தர மாட்டாரே" என்பார்கள். ஒரு கதவை மறுபெயின்ட் செய்யும் செலவில் ஒரு ஃபோம் பேட் விலை சின்னப் பங்குதான். தவிர, பேட் ஒரே நாளில் சாவது தேய்ந்து அல்ல, கவனிப்பில்லாமல். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ் போட்டோ, கம்ப்ரஸர் காற்று அடித்தோ சுத்தம் செய்ய வேண்டும். ஒரு பேடுக்கு ஒரே மருந்துதான். கட்டிங் காம்பவுண்ட் பட்ட பேடில் ஃபினிஷிங் பாலிஷ் ஊற்றினால் இரண்டும் வீண். ஒரு காருக்கு நான்கைந்து பேட் மாற்றி மாற்றிப் போட்டால் எதுவும் சூடேறிப் பசை விட்டுக் கழன்று போகாது. வேலை முடிந்ததும் கழுவிக் காய வைத்து மூடி வைத்தால் பல வண்டிக்கு வரும். தரையில் விழுந்த பேடை மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஒதுக்கி விடுங்கள், ஒரு மணல் துகள் போதும்.

நம்மில் சிலர் இந்த வருஷமே சர்வீஸ் சென்டர், பாடி ஷாப் என்று டிரெய்னி சூப்பர்வைசராகப் போகப் போகிறோம். ஸ்டோர் இன்டென்டில் நம் கையெழுத்து விழும். என் அண்ணன் வயசுக்காரர் யாராவது வந்து, "சார், பேட் வேணும்" என்று நிற்பார். அவரிடம் முதலில் கேளுங்கள்: அண்ணே, மெஷின் ரோட்டரியா, இரட்டை அசைவா? பிளேட் எத்தனை இஞ்ச்? பேட் அதைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தால்தான் பிளேட் விளிம்பு பெயின்டில் இடிக்காது. எந்தக் கம்பெனி பேட், அதில் எந்தப் படி? அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். வெறுமனே "மஞ்சள் பேட் – 1" என்று எழுதி வந்த இன்டென்டைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.