‘இயற்கை மரணம்’ எனும் இரு சொற்கள்

வளைகுடா நாடுகளுக்குக் கட்டடத் தொழிலாளியாகச் செல்பவர் புறப்படுமுன் மருத்துவப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். உடல் தகுதிச் சான்று பெற்றவரே விமானம் ஏறுகிறார். அவ்வாறு சென்ற இளைஞர் சில ஆண்டுகளில் சவப்பெட்டியில் திரும்புகையில், உடன் வரும் இறப்புச் சான்றிதழ் ‘மாரடைப்பு, இயற்கை மரணம்’ என்கிறது.

கத்தாரில் பணிபுரிந்த நேபாளத் தொழிலாளர்களின் மரணங்கள் குறித்து 2019இல் வெளியான மருத்துவ ஆய்வு இம்முரணை வெளிக்கொணர்ந்தது. 2009 முதல் 2017 வரை அங்கு இறந்த 1,300க்கும் மேற்பட்டோருள் 571 பேரின் மரணத்திற்கு இதய நோயே காரணமாகக் காட்டப்பட்டிருந்தது. வெப்பம் மிகுந்த மாதங்களில் இம்மரணங்கள் கூடின. தக்க வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் ஏறத்தாழ 200 பேர் வரை பிழைத்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

கடும் வெயிலில் உழைக்கும் உடலைக் குளிர்விக்க, இதயம் தோலுக்கு மிகுதியான இரத்தத்தை இறைக்க வேண்டியுள்ளது. வியர்வையால் உடலின் நீர் குறையக் குறைய அதன் சுமை ஏறுகிறது. ஆகவே இதயம் நின்றது என்பது மரணம் நேர்ந்த விதமே. அதன் காரணம் அன்று.

இவ்வேறுபாடு சட்டத்தில் பெரும் விளைவுடையது. கத்தாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பணியின் காரணமாக இறந்தவரின் வாரிசுகளுக்கே இழப்பீடு வழங்குகிறது. அங்குள்ள தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் இதே சட்டத்தின்கீழ்தான் உழைக்கின்றனர். இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் விபத்து மரணத்திற்கே 10 இலட்சம் ரூபாய் அளிக்கிறது. ‘இயற்கை’ என்று எழுதப்பட்டவுடன் இரு வழிகளும் அடைபடுகின்றன.

கத்தார் அரசே அமர்த்திய டிஎல்ஏ பைப்பர் சட்ட நிறுவனம், எதிர்பாராத மரணங்களில் உடற்கூறாய்வுக்குச் சட்டம் இடமளிக்க வேண்டும் என்றும், மாரடைப்பு மரணங்களைத் தனியே ஆராய வேண்டும் என்றும் 2014இல் பரிந்துரைத்தது. 2021இல் திறந்தவெளி வேலைக்கான கோடைக்காலத் தடை, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 மணி வரை என நீட்டிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அதற்கு முன் இறந்தோரின் குடும்பங்களுக்கு இது நீதியாகாது.

நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வளைகுடா வேலை, ஊரின் சாதிக்கட்டிலிருந்து விலகும் வழியாகவும் விளங்குகிறது. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனோ, சென்றவர் இறந்த பின்னும் குடும்பத்தைத் தொடர்கிறது. எனவே, காரணம் விளக்கப்படாத சான்றிதழை இந்தியத் தூதரகங்கள் அப்படியே ஏற்காமல், குடும்பத்தின் ஒப்புதலுடன் உடற்கூறாய்வைக் கோர வேண்டும். பணிக்காலத்தில் நேரும் மாரடைப்பு மரணங்களையும் காப்பீடு உள்ளடக்க வேண்டும். இவை கருணைக்கான வேண்டுகோள் அல்ல, உழைப்பவரின் உரிமை.