தொட்டிக்குள் இறங்குவது யார்? தோல் ஆலைகளின் நீர் மேலாண்மையும் சட்டம் விட்டுவைத்த இடைவெளியும்

பாலாற்றைத் தோல் ஆலைக் கழிவு சீரழித்தது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு அரசே முதலில் இழப்பீடு வழங்க வேண்டும், பின்னர் அத்தொகையை மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பது அதன் முதன்மையான ஆணை. பல ஆண்டுகள் காத்திருந்த மக்களுக்கு இது ஓர் ஆறுதல். ஆனால் தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், பிப்ரவரி 2 அன்று, கொல்கத்தா தோல் தொழிற்பேட்டையில் கழிவுநீர்க் குழாயின் அடைப்பை நீக்கச் சென்ற மூன்று தொழிலாளர்கள் ஆள்நுழைவுக் குழிக்குள் மூழ்கி உயிரிழந்தனர். ஆற்றுக்கு நீதி பேசப்பட்ட அதே வாரத்தில் இந்த இறப்புகளும் நிகழ்ந்தன. தொழிற்சாலை நீர் மேலாண்மை குறித்த நம் விவாதங்களில் இவ்விரு செய்திகளும் ஒன்றாக வைத்துப் பேசப்படுவதே இல்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளையும் அது நாட்டின் சட்டமாக நிலைநிறுத்தியது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. தீர்ப்பில் இடம்பெறும் மாவட்டங்களுள் ஒன்றின் அன்றைய பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்பெயர் தாங்கிய மண்ணில் தோலை ஊறவைத்தவர்களும் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களும் பெரும்பாலும் தலித்துகள். ஆனால் அவ்வழக்கு நிலத்தையும் கிணற்றையும் சுற்றியே நகர்ந்தது. அந்த உழைப்பாளர்களின் உடல் அதன் மையப் பொருளாகவில்லை.

கழிவு எங்கே போகிறது?

ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பது 1996 தீர்ப்பு தரும் கணக்கு. உப்பிட்டு வரும் பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பை நீக்குகிறார்கள். பின்னர் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் மயிரை அகற்றுகிறார்கள். அதன்பின் அமிலமும் குரோமிய உப்பும் கலந்த நீரில் தோல் பதப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வெளியேறும் நீர் வெவ்வேறு நஞ்சைச் சுமந்து வருகிறது.

இந்நீரை ஆற்றில் விடக்கூடாது என்ற நெருக்கடியின் விளைவாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவுநீரில் ஒரு துளியும் வெளியே செல்லாமல், சவ்வுகளின் வழி வடிகட்டி, எஞ்சியதை ஆவியாக்கி, நீரை மீண்டும் ஆலைக்கே அனுப்பும் முறையைப் ‘பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம்’ என்கிறார்கள். நொய்யலைச் சாகடித்த திருப்பூர்ச் சாய ஆலைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூட ஆணையிட்டதும் இந்த இலக்கை அவை எட்டாததால்தான்.

பூஜ்ஜியம் என்பது ஆற்றின் பக்கமிருந்து பார்க்கும் கணக்கு. நீர் திரும்பிவிடுகிறது. கசடும் உப்பும் திரும்புவதில்லை. அவை தொட்டியின் அடியில் படிகின்றன, வளாகத்தில் குவிகின்றன. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கசட்டில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்கவென்று கட்டப்பட்ட தொட்டி, வேலையிடத்திலேயே உறங்க நேர்ந்த ஏழைகளைக் கொன்றது.

இடியாத தொட்டியும் கொல்கிறது. சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரும் அமில நீரும் ஒரே தொட்டியில் சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படுகிறது. காற்றில்லாத கசட்டிலும் அது உருவாகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே அது மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் உறவினரோ சக தொழிலாளியோ அடுத்து விழுகிறார். ஒரே தொட்டியில் இருவர், மூவர் என இறப்பதற்குக் காரணம் இதுதான். ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்ற ஒற்றை வரிச் செய்தியோடு ஒவ்வொரு முறையும் கதை முடிகிறது.

மலமா, ரசாயனமா?

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிக் கழிவுநீர்க் குழாயிலோ மலக்குழியிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்குகிறது. மலக்குழி என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம், மனித மலத்தைத் தேக்கி மட்கச் செய்யும் தொட்டி என்பதே. சட்டத்தின் சொற்களை நேர்பொருளில் எடுத்தால், தோல் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி அந்த விளக்கத்துக்குள் வராது. உச்ச நீதிமன்றம் 2014-இல் பத்து லட்சம் ரூபாயாக நிர்ணயித்து, 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக உயர்த்திய இழப்பீடும் கழிவுநீர்க் குழாய், மலக்குழி இறப்புகளுக்கானது. ஒரே சேரியைச் சேர்ந்த இருவரில் ஒருவர் மலக்குழியிலும் மற்றவர் ஆலைத் தொட்டியிலும் இறந்தால், முதலாமவரின் குடும்பத்துக்கு உள்ள உரிமை இரண்டாமவரின் குடும்பத்துக்குக் கேள்விக்குறி ஆகிறது. இருவரையும் கொன்ற வாயு ஒன்றே. இருவரையும் அந்தக் குழிக்கு அனுப்பிய சாதி ஒழுங்கும் ஒன்றே.

ஆலைத் தொட்டிகளுக்குச் சட்டமே இல்லை என்பதல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தெளிவாகவே விதி வகுத்தது. வாயு நீக்கப்பட்டதைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ஆனால் தொட்டியைத் தூர்வாரும் வேலை ஒப்பந்தக்காரரிடம் போகிறது. ஒப்பந்தக்காரர் சேரியிலிருந்து அன்றைய கூலிக்கு ஆளழைக்கிறார். இறங்கியவரின் பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருப்பதில்லை. அவர் இறந்தால் கவனக்குறைவு வழக்கு ஒன்று பதிவாகும். அதில் சாதி ஒரு காரணமாக இடம்பெறாது.

இழப்பீட்டின் அளவுகோலும் இதே பார்வைக் குறையைக் கொண்டது. சேதத்தை நிலத்தைக் கொண்டு அளந்தால் பட்டா வைத்திருப்பவர் பாதிக்கப்பட்டவர் ஆகிறார். வயல் தரிசானதால் நடவும் அறுப்பும் இழந்த கூலிப் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர்கள், நிலம் கெட்டதற்கான இழப்பீட்டிலும் விடுபடுகிறார்கள்.

ஆலைகளை நெருக்கினால் தலித்துகளே வேலை இழப்பர் என்பது வழக்கமான எதிர்வாதம். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு இத்தொழிலால் எரிகிறது என்பது உண்மை. எனவேதான் நாம் கேட்பது மூடலை அல்ல. நீரை மீட்கும் சவ்வுக்கும் ஆவியாக்கிக்கும் பெரும் முதலீடு திரட்ட முடிகிற இடத்தில், கசட்டை உறிஞ்சும் எந்திரத்துக்குப் பணமில்லை என்பதை எப்படி ஏற்பது? மனிதக் கை மலிவாகக் கிடைக்கும்வரை எந்திரம் செலவாகத்தான் தோன்றும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. 2013 சட்டத்தின் விளக்கத்தில் தொழிற்சாலைக் கழிவுநீர்த் தொட்டிகளையும் சேர்க்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை இயங்க வழங்கும் இசைவாணையில் வெளியேற்றத்தின் அளவோடு, கசட்டை எந்திரத்தால் அகற்றியதற்கான பதிவேட்டையும் நிபந்தனையாக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் யாராயினும் ஆலை உரிமையாளரையே முதல் பொறுப்பாளியாக்க வேண்டும். தொட்டி இறப்புகளைச் சாதி விவரத்தோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பாலாற்று இழப்பீட்டில் நிலமற்ற கூலிகளுக்கும் பங்கு வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் பாசனமும் மின்சாரமும் சேர்ந்தே இருந்தன. நீரும் உழைப்பும் அன்று ஒரே மேசையில் பேசப்பட்டன. இன்று நீர் ஒரு துறைக்கும், தொழிலாளி இன்னொரு துறைக்கும், தலித் மூன்றாவது துறைக்கும் பிரிந்து கிடக்கிறார்கள். மகாடில் 1927-இல் குளத்து நீரைத் தொடும் உரிமைக்காகப் போராடிய மக்களின் பிள்ளைகள், ஆலைக் கழிவுநீரில் இறங்காதிருக்கும் உரிமையை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாலாற்றுக்காக அமையும் கண்காணிப்புக் குழு, ஆற்று நீரைச் சோதிப்பதோடு நில்லாமல் தொட்டிகளின் பதிவேட்டையும் கேட்டு வாங்கட்டும்.