ஓடுற காசும் நடக்குற கணக்கும்

ஆங்கிலத்தில் 'ரன்' என்று மூன்றெழுத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அதைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் குடித்தனம் நடத்தினார் என்று 2011-ல் செய்தி வந்தது. அதுவரை முதலிடத்தில் இருந்தது 'செட்'. அதை 'ரன்' தள்ளிவிட்டது. இயந்திரங்கள் வந்ததுதான் காரணம் என்கிறார்கள். ரயில் ஓடியது, தறி ஓடியது, பிறகு கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடியது. ஓட ஓட அர்த்தமும் கூடிக்கொண்டே போனது.

இதன் பூர்வீகம் பழைய ஆங்கிலத்து 'ரின்னன்'. கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் பேச்சிலும் இதற்குச் சகோதரச் சொல் உண்டு. இரண்டும் கலந்து உருவானதுதான் இன்றைய 'ரன்'. அந்தக் காலத்திலேயே அதற்கு ஓடுவது, ஒழுகுவது என இரண்டு வேலை. ஜெர்மன் மொழியில் இன்றும் ஓடினால் 'ரென்னன்', தண்ணீர் ஒழுகினால் 'ரின்னன்'.

இதைப் படித்துவிட்டு "ஆஹா, இங்கிலீஷ் என்ன வளமான மொழி" என்று வாயைப் பிளக்கிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நம்ம 'ஓடு' மட்டும் என்ன குறைச்சல்? ஆறு ஓடுகிறது, அதனால்தான் ஓடை. படம் நூறு நாள் ஓடுகிறது. கடை ஓடுகிறது. பொழப்பு ஓடுகிறது. மனசுக்குள் ஏதோ ஓடுகிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிடிக்காத வீட்டுச் சம்பந்தம் என்றால் பொண்ணு ஓடிப்போகிறாள். திருக்குறளில் 58-ஆவது அதிகாரத்தின் பெயரே கண்ணோட்டம். இன்றைக்கு அந்தச் சொல்லை 'பார்வை' என்ற பொருளில் செய்தித்தாளில் செலவழித்துவிட்டோம். வள்ளுவர் காலத்தில் கண் அடுத்தவர் மேல் ஓடினால், அதாவது இரக்கப்பட்டால், அது கண்ணோட்டம். எண்ணிப் பார்க்க ஒன்பது மாதம் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை உட்கார வைத்தால் நமக்கும் நூற்றுக்கணக்கில் தேறும்.

புனேயில் இருக்கிற நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. தமிழ் பேசினால் பிள்ளைக்கு மராத்தி வராது, மராத்தி பேசினால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று. ராஸ்தா பேட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பமானாலும் சரி, போன வருஷம் ஹிஞ்சவடியில் வந்து இறங்கிய ஐ.டி. ஜோடியானாலும் சரி, இந்த விஷயத்தில் ஒரே கட்சி. என் கட்சி வேறு. ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று மொழிக்குள்ளும் போய் வந்தால் மூன்றுமே கூர்மையாகும். அதற்கு நான் வேலை பார்க்கிற வங்கியைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

'கரெண்ட் அக்கவுண்ட்' என்கிறோம். லத்தீனில் 'குர்ரெரே' என்றால் ஓடுவது. அதிலிருந்து வந்ததுதான் 'கரெண்ட்'. ஓடிக்கொண்டே இருக்கிற கணக்கு. 'கரன்சி' அதே வீட்டுப் பிள்ளை, கைக்குக் கை ஓடுகிற காசு. 'கூரியர்' ஓடுகிறவன். 'ரெக்கரிங் டெபாசிட்' மாதாமாதம் திரும்ப ஓடிவருவது. வங்கிக்காரர்களின் உயிரை எடுக்கிற 'கன்கரண்ட் ஆடிட்' என்றால் கூடவே ஓடுவது என்று பொருள். (எங்கள் ஆடிட்டர் ஓடி நான் பார்த்ததில்லை, டீ வந்தால்தான் அசைவார் :-) ) 'ரன்'னுக்கும் இந்த 'கரெண்ட்' கூட்டத்துக்கும் ரத்த உறவு கிடையாது, அது ஜெர்மானியக் குடும்பம், இது லத்தீன். ஆனால் இரண்டு குடும்பமும் காசைப் பார்த்ததும் 'ஓடு' என்றே நினைத்திருக்கின்றன.

தமிழில் என்ன செய்தோம் என்று பாருங்கள். பௌதிகப் புத்தகத்தில் 'கரெண்ட்' என்றால் மின்னோட்டம். அங்கே ஓட விட்டோம். வங்கி பாஸ்புக்கில் அதே 'கரெண்ட்' நடப்புக் கணக்கு ஆகிவிட்டது! மின்சாரம் ஓடுகிறது, கணக்கு நடக்கிறது. மராத்தியிலும் அது 'சாலூ காத்தே'. 'சால்' என்றால் அங்கே நடை. 'சால்தே' என்று காய்கறிக்காரரிலிருந்து கலெக்டர் வரை சொல்வார்களே, "நடக்கும், பரவாயில்லை" என்று, அதே சொல்தான். ஒரு ஆளை 'சாலூ' என்றால் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள், பலே கில்லாடி என்று அர்த்தம். நாம் வங்கியில் நிரப்புகிற 'சலான்' கூட இந்த 'சல்' வகையறாதான். மராத்தியில் 'சலன்' என்று எழுதினால் அது சலானும் ஆகும், நாணயப் புழக்கமும் ஆகும்.

தமிழில் காசு இன்னும் நிதானமாகப் போகிறது. அதற்குரிய சொல் 'செல்'. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டைப் பற்றி டி.வி.யில் ஆங்கிலத்தில் 'லீகல் டெண்டர்' என்று நீட்டி முழக்கினார்கள். ஊரில் இருந்து போன் செய்த அத்தை ஒரே வார்த்தையில் முடித்தார்: "செல்லாதாமே?" அந்தச் 'செல்'லில் இருந்துதான் செல்லுபடி. அதிலிருந்தே 'செலவு'. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். பொருள் தேடக் கிளம்புகிற தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்பதற்குச் 'செலவழுங்குதல்' என்று துறையே வைத்திருக்கிறார்கள். சம்பாதிக்க ஊரைவிட்டுக் கிளம்புவது அன்றைக்குச் செலவு. இன்றைக்கு அந்தச் சம்பாத்தியம் கையைவிட்டுக் கிளம்புவது செலவு. ஹடப்சரில் வீட்டு இ.எம்.ஐ. கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் ரசத்துக்குப் போடுகிற மிளகு, சீரகத்துக்கும் செலவு சாமான் என்றுதான் பேர். எதிர்ப்பக்கம் 'வா': வரவு, வருவாய். வரவு செலவு என்றால் வருவதும் போவதும், அவ்வளவுதான். பி.காம்.மில் மூன்று வருஷம் படித்த கணக்கியலை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கிரிக்கெட்டில் மராத்திப் பத்திரிகைகள் ரன்னை 'தாவ்' என்று எழுதும். காதில் நம்ம 'தாவு' மாதிரி விழும், சொந்தம் கொண்டாட வேண்டாம், அது சமஸ்கிருதத்து வழி. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஓட்டங்கள். நாம்தான் 'ரன்கள்' என்று பாதி வழியில் நிற்கிறோம். 2002-ல் மாதவன் நடித்த படத்துக்கே 'ரன்' என்றுதானே பேர் வைத்தோம்.

சரி, இத்தனையும் எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், இந்த 645-ல் ஒரே ஒரு அர்த்தம் என்னைத் தூங்கவிடாது. 'ரன் ஆன் தி பேங்க்'. வைத்த பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நாளில் வங்கிக்கு ஓடிவருவது. தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லை. 'வங்கி ஓட்டம்' என்று மொழிபெயர்த்தால் ஏதோ ஊழியர்கள் மாரத்தான் ஓடுகிற மாதிரி இருக்கிறது. செய்தித்தாளில் "வதந்தியால் வங்கியில் கூட்டம்" என்று போடுவார்கள். அந்த 'வதந்தியால்' என்ற சொல்லில்தான் எனக்குச் சண்டை.

'ஓடு' என்றதுமே பயந்தாங்கொள்ளி, கும்பல், விவரமில்லாதவர்கள் என்ற வாடை வந்துவிடுகிறது. வங்கி நல்லாத்தான் இருந்தது, ஜனங்கள் ஓடிவந்து கெடுத்துவிட்டார்கள் என்று கதை திரும்பிவிடுகிறது. டக்ளஸ் டைமண்ட், பிலிப் டிப்விக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1983-லேயே எழுதினார்கள். வங்கி நீண்ட காலக் கடன் கொடுக்கிறது, ஆனால் கேட்ட நேரத்தில் தருவதாகச் சொல்லி டெபாசிட் வாங்குகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் நல்ல வங்கியும் தாங்காது. ஆகவே அடுத்தவர் ஓடுவார் என்று தோன்றினால் நானும் ஓடுவதுதான் புத்திசாலித்தனம். அவர்களுக்கும் பென் பெர்னான்கிக்கும் 2022-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஓடுகிறவர் முட்டாள் இல்லை. முதலில் ஓடுகிறவருக்குக் கிடைக்கும், கடைசியில் வருகிறவருக்குக் கிடைக்காது என்கிற ஏற்பாடுதான் ஓட வைக்கிறது.

1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் ஓடாமல் நம்பி இருந்தவர்கள். அந்த அடியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கியும், மகாராஷ்டிரத்தில் லட்சுமி வங்கியும் விழுந்தன. அதன் பிறகுதான் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் என்ற சட்டமே வந்தது, 1962 தொடக்கத்தில் தலைக்கு 1,500 ரூபாய். 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஓடவே இல்லை, உட்கார்ந்த இடத்தில் போனைத் தட்டினார்கள். சொல் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ம ஊர், அதாவது இந்தப் புனே, வேறொரு ரகம். இங்கே பேட்டைக்குப் பேட்டை கூட்டுறவு வங்கி. அவற்றில் பிரச்சினை வந்தால் ஓடவே விடுவதில்லை, ரிசர்வ் வங்கி முதலில் கதவைச் சாத்துகிறது. 1912-ல் இங்கே தொடங்கிய ரூபீ கூட்டுறவு வங்கியின் மேல் 2013 பிப்ரவரியில் கட்டுப்பாடு வந்தது. லைசென்ஸ் ரத்தானது 2022 செப்டம்பரில். நடுவில் ஒன்பதரை வருஷம். டெபாசிட்தாரர்களில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு முழுப் பணமும் இன்சூரன்சில் கிடைக்கும் என்று ரத்து செய்தபோது அறிவித்தார்கள். உண்மைதான். ஆனால் கட்டுப்பாடு வந்தபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, லைசென்ஸ் ரத்தாகும்போது பத்தாவதில் இருக்கும்.

மூன்று மொழியிலும் 'டெபாசிட்'டின் பூர்வீகத்தைப் பார்த்தேன். லத்தீனில் கீழே வைப்பது. மராத்தியில் 'டேவ்', வை என்பதிலிருந்து. தமிழில் வைப்பு. மூன்றும் அசையாத சொற்கள். டெபாசிட் போடுகிறவர் "வைத்திருக்கிறேன்" என்று நினைக்கிறார், பீரோவில் நகையை வைத்த மாதிரி. வங்கியோ வாங்கிய மறுநாளே அதை ஓட விட்டுவிடுகிறது. ஓடினால்தான் வட்டி. இதை ஒரு வாக்கியத்தில் கவுண்டரில் சொல்லிவிடலாம், சொல்வதில்லை. நாங்கள் மும்மொழியில் அச்சடித்துக் கையெழுத்து வாங்குகிற படிவத்தில் எந்த மொழியிலும் அது இல்லை.

தேஹு ரோடு பக்கம் திருநெல்வேலிக்காரர் ஒருவர், தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். பக்கத்துக் கூட்டுறவு வங்கி ஒன்றில் (எதுவென்று வேண்டாம்) ஒரு சதவீதம் கூட வட்டி தருகிறார்கள் என்று பி.எஃப். பணம் மொத்தத்தையும் அங்கேயே வைத்திருந்தார். கட்டுப்பாடு வந்த அன்று எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்குக் காலம்பற போய் நிக்கவா?"

"போய்ப் பிரயோஜனம் இல்ல அண்ணாச்சி. இனிமே யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"போன வாரமே ஒருத்தன் சொன்னான். நான்தான் வதந்திய நம்பக் கூடாதுன்னு சும்மா இருந்துட்டேன்."

இதற்கு ஒரு வங்கி அதிகாரி என்ன பதில் சொல்ல முடியும்? ஆகவே நம் வீட்டுப் பெரியவர்களின் பணம் எங்கே இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். 1993-லிருந்து ஒரு லட்சமாக இருந்த காப்பீடு 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ஆனது. ஆனால் அது ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் நாலு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் அது ஒன்றாகத்தான் கூட்டப்படும். கணவன் பேரில் தனியாக, மனைவி பேரில் தனியாக, இருவர் பேரிலும் சேர்த்து என்று வைத்தால் மூன்றும் தனித்தனி. 2021-ல் சட்டம் திருத்தியபின், கட்டுப்பாடு வந்தால் 90 நாளில் காப்பீட்டுப் பணம் வந்தாக வேண்டும், அதற்கு வேறொரு வங்கியில் கணக்கு இருப்பது வசதி. அண்ணாச்சிக்கு அந்தக் கெடுவுக்குள் ஐந்து லட்சம் வந்துவிட்டது. மேலே இருந்த தொகைக்கு இன்னும் மாதம் ஒரு தடவை அந்தக் கிளைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார், நடந்துதான்.