எது இரைச்சல்?

பத்து வருசத்துக்கு முந்தி எங்கள் பறைக்குழுவோடு ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போயிருந்தோம். மணிக்கணக்கில் வாடகை. வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்ச வாசலில்கூட இடமில்லை என்றுவிட்டார்கள். உள்ளே போனால், "கொஞ்சம் மெதுவா அடிங்க, மைக் தாங்காது" என்றார் பதிவுக்காரர். மெதுவா அடிக்கிறதுக்கா பறை? இரண்டு மணி நேரக் காசைத் தெண்டமாய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

இன்றைக்கு அந்தக் கூடம் என் வீட்டு மூலையில் இருக்கிறது. பழைய கணினி ஒன்று, யுஎஸ்பி மைக் ஒன்று, ஆடாசிட்டி என்கிற மென்பொருள். அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கி, 2000இல் வெளியிட்டது. காசு கிடையாது. மைக் தாங்காது என்கிற கதை முதல் நாளே பொய்யாகிப்போனது. மைக்கை ஏழெட்டு அடி தள்ளி வைத்து, உச்ச அடி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதிவு அளவைக் குறைத்தால் போதும். பூஜ்யத்தைத் தாண்டினால்தான் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டது திரும்ப முளைக்காது. குறைக்க வேண்டியது பதிவு அளவைத்தான், அடியை இல்லை.

சரி, கருவி கைக்கு வந்துவிட்டது. காது யாருடையது தோழர்களே?

போன கோடையில் என் அத்தை பாடிய ஒப்பாரியைப் பதிந்தேன். அத்தை குரலெடுத்ததும் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். விசும்பல், மூக்குறிஞ்சல், 'ஆமா தாயி' என்கிற ஒத்துக்குரல். ராத்திரி உட்கார்ந்து அதைச் 'சுத்தம்' பண்ணினேன். இரைச்சல் நீக்கும் வசதி ஆடாசிட்டியில் உண்டு. இரைச்சல் மட்டும் இருக்கிற இடத்தை நாம் தொட்டுக் காட்ட வேண்டும். அதைப் பாடம் பண்ணிக்கொண்டு, அதே மாதிரி ஒலியைப் பதிவு முழுக்கத் தணித்துவிடும். அத்தை நிறுத்தி மூச்சு வாங்கின இடத்தைக் காட்டினேன். பெண்கள் மங்கிப்போனார்கள். அத்தையின் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆனது.

காலையில் போட்டுக் காட்டினேன். "ஏன்டா, யாருமில்லாத வீட்ல நான் மட்டுமாடா அழுவுறேன்?" என்று கேட்டது அத்தை.

எது இரைச்சல் என்று கணினிக்குத் தெரியாது. நான்தான் காட்டிக்கொடுத்தேன். நம் பறையைச் சத்தம் என்றும் நம் அழுகையைக் கூச்சல் என்றும் காலங்காலமாய்ச் சொல்லி வந்தவனின் காது என் மண்டைக்குள்ளேயும் குந்தியிருக்கிறது. கூடத்துக்காரரைத் திட்டிவிட்டு வந்தவன், என் வீட்டுக்குள் அவர் வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்திருக்கிறேன்.

இது இரைச்சலோடு நிற்கவில்லை. குவாண்டைஸ் என்று ஒரு வசதி பல இசை மென்பொருள்களில் இருக்கிறது. ஒவ்வொரு அடியையும் கட்டம் போட்ட கணக்கில் இழுத்து நிறுத்தும். ஆட்டம் சூடேற ஏற வேகமெடுப்பது தப்பாட்டத்தின் உயிர். அந்த உயிரைத் தப்பு என்று திருத்திக் கொடுக்கும் அது. கேட்பவனுக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆடுகிறவனுக்குக் கால் எழாது.

மென்பொருளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நல்லவேளை, மூலப்பதிவை நான் அழிக்கவில்லை. நீங்களும் அழிக்காதீர்கள். 44,100 மாதிரி, 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பிதான் வேவ் கோப்பு. எம்பி3 அனுப்புவதற்கு மட்டும். பாட ஆரம்பிக்கும் முன் வெற்று அறையைப் பத்து விநாடி பதியுங்கள். மின்விசிறி உறுமலை நீக்க வேண்டுமென்றால் அந்த இடத்தை மட்டும் காட்டுங்கள். வெளியே அனுப்புமுன் பாடியவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் பெயரைப் போடலாமா என்று அவரையே கேளுங்கள்.

மூலப்பதிவைப் போட்டபோது அத்தை பாட்டைக் கேட்கவில்லை. "இந்தா, இது மேலத்தெருக்காரி. இது சின்னவ" என்று அழுத குரல்களை ஒவ்வொன்றாய் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தது.