கலை வரலாறு படிச்சு என்ன கிழிக்கப் போறா?

கொஞ்சம் நீளமான த்ரெட். முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

ஒரு பொண்ணு அமெரிக்காவில் வெல்லெஸ்லி மாதிரி பெண்கள் கல்லூரியில் இடம் வாங்கிட்டு, கலை வரலாறு எடுக்கறேன்னு சொன்னா உடனே ஆரம்பிச்சிடறீங்க. "பணக்கார வீட்டுப் பிள்ளைங்க கல்யாணம் ஆகற வரைக்கும் படிக்கிறது அது." நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லைங்க இது. 2014 ஜனவரியில் ஒபாமாவே ஒரு மேடையில், கலை வரலாற்றுப் பட்டத்தை விடத் தொழிற்பயிற்சியில் அதிகம் சம்பாதிக்கலாம்னு சொன்னார். ஒரு பேராசிரியை எழுதிக் கேட்டதும் கைப்பட மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். உங்ககிட்ட கடிதமெல்லாம் கேக்கலை. அங்க என்ன சொல்லித் தர்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

வெல்லெஸ்லியில் 1897-ல் கலைத் துறைக்குப் பொறுப்பேற்ற ஆலிஸ் வான் வெக்டன் பிரவுன், லெக்சர் மட்டும் போதாதுன்னு மாணவிகள் கையிலேயே தூரிகையைக் கொடுத்தாங்க. பழைய ஓவியர்கள் எப்படி வரைஞ்சாங்கன்னு செஞ்சு பார்த்துப் புரிஞ்சுக்கணும். எங்களுக்கு டிசெக்‌ஷன் ஹால் மாதிரி. 1927-ல் அங்க நவீன ஓவியம் நடத்தின ஆல்ஃபிரட் பாருக்கு வயசு 25. வகுப்பை ரயில் நிலையத்துக்கும் மிட்டாய் ஃபேக்டரிக்கும் கூட்டிட்டுப் போய் கட்டடத்தைப் பார்க்க வெச்சவர். ரெண்டே வருஷத்துல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தோட முதல் இயக்குநர் ஆயிட்டார்.

இந்தப் படிப்போட அடிப்படை ஒண்ணுதான்: அர்த்தம் சொல்றதுக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லு. வெளிச்சம் எங்கிருந்து வருது, எந்தக் கை மறைஞ்சிருக்கு, எந்த இடம் பிறகு திருத்தப்பட்டிருக்கு. எக்ஸ்-ரேயை லைட்ல வெச்ச உடனே "நிமோனியா"ன்னு குதிக்கிற ஜூனியர்கிட்ட நாங்க தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றதும் இதேதான். யேல்ல ஒரு தோல் மருத்துவரும் ஒரு மியூசியம் பொறுப்பாளரும் மருத்துவ மாணவர்களை ஓவியங்கள் முன்னாடி நிறுத்திப் பழக்கினாங்க. பழகினவங்க நோயாளிகளோட படங்களில் கூடுதல் விவரங்களைக் கவனிச்சாங்கன்னு 2001-ல் ஜாமா இதழில் கட்டுரையே வந்துச்சு.

"அதனால நாட்டுக்கு என்ன லாபம்?"னு கேப்பீங்க. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில்ல திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி வெச்சிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்த பழைய போட்டோவோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது நம்ம சாமின்னு நிரூபிச்சாங்க. 2014-ல் திரும்பி வந்தார். அந்த ஒப்பிடற வேலைக்குப் பேர் என்னன்னு நினைக்கிறீங்க? வெல்லெஸ்லியில படிச்சாலும் கும்பகோணத்துல படிச்சாலும் அதுதான் கலை வரலாறு.

ஃபீஸ் பத்திப் பேசணுமா, பேசலாம். வெல்லெஸ்லியில ஒரு வருஷச் செலவு 80,000 டாலருக்கு மேல. உதவித்தொகை இல்லாம நம்ம நடுத்தரக் குடும்பம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அந்தக் கோபம் நியாயம், நானும் உங்க பக்கம். ஆனா அதே கல்லூரியில, அதே ஃபீஸ் கட்டிப் பொருளாதாரம் எடுத்த பொண்ணுக்கு மட்டும் எல்லாரும் ஸ்வீட் கொடுத்து வாழ்த்தறீங்களே, அது எப்படி?