தீட்டிய அரிசியும் மனத்தளர்ச்சியும்

உழவுமாடு உழைப்பிற் பின்வாங்குமாயின், அதன் தீவனத்தை ஆராய்வது குடியானவர் இயல்பு. ஆனால் வீட்டுப்பிள்ளை பசியின்றிச் சிடுசிடுத்தாலும், பண்ணையாள் ஊக்கமின்றி அயர்ந்தாலும், அவர்தம் குணத்தையே பழிப்பர். ஆகாரத்தை ஆராய்வார் சிலரே. இது நியாயமன்று.

1890-ம் ஆண்டையொட்டி ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில், டச்சு வைத்தியர் எய்க்மன் ஓர் உண்மையைக் கண்டார். தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காது வீழ்ந்தன; தீட்டாத அரிசி பெற்றபின் தேறின. மனிதரைப் பீடிக்கும் பெரிபெரி நோய்க்கும், தவிட்டுடன் நீங்கிவிடும் தயமின் என்னும் ஜீவசத்தின் குறைவே காரணமெனப் பின்னர் விளங்கிற்று. 1936-ம் ஆண்டில் இச்சத்தைச் செயற்கையாக ஆக்கிய ராபர்ட் வில்லியம்ஸ் நம் அண்டையிலுள்ள நெல்லூரிற் பிறந்தவர்.

உண்ட மாவுப்பொருளை உடல் வலிமையாக்குதற்குத் தயமின் இன்றியமையாதது. மூளை பெரும்பாலும் சர்க்கரையைக்கொண்டே இயங்குவதால், இச்சத்துக் குறையுங்கால் மனமும் வருந்தும். கால் மரத்துப்போகுமுன்னரே எரிச்சலும், மறதியும், சோர்வும், பசிமந்தமும் தோன்றக்கூடும். பசி குன்றவே உணவும் குன்றும். உணவு குன்றவே சத்தும் மேலும் குன்றும். இவ்வாறு நோயே நோயை வளர்க்கின்றது.

1950-க்கு முன் சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டின் சத்து அரிசிக்குள் ஊடுருவுதலே இதன் காரணம். முன்னோர் வழக்கம் எத்துணைப் பயனுடையதென்பதற்கு இதுவே சான்று.

அங்ஙனமிருக்க, வெண்மையே மேன்மையெனக் கருதி, சத்துள்ள தவிட்டை மாட்டுக்கும், சத்திழந்த அரிசியை மக்களுக்கும் அளிப்பது எவ்வகை விவேகம்? நெல் விளைவிப்போர் தம் வீட்டுக்கும், ஆட்களுக்கு அளக்கும் கூலிக்கும் புழுங்கலரிசியையோ, மிகத் தீட்டாத அரிசியையோ வைத்துக்கொள்ளல் நலம். தீட்டாத பச்சரிசி விரைவிற் சிக்கு நாற்றமடையுமாதலின், அவ்வப்போது சிறிதளவே குத்திக்கொள்ள வேண்டும். அரிசியைப் பன்முறை களைதலும், வடித்த கஞ்சியைக் கொட்டுதலும் தகா. பயறு, உளுந்து, நிலக்கடலை, கம்பு ஆகியவற்றையும் உணவிற் சேர்த்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் தம் இல்லத்திலேயே இதனைத் தொடங்குவாராயின், ஊரார் பின்பற்றுவர்.

சோம்பலெல்லாம் சோற்றால் விளைவதன்று. ஆயினும், ஒருவனைச் சோம்பேறியென்று ஏசுமுன் அவன் கலத்தைப் பார்ப்பது அறிவுடைமையாகும்.